படித்துக் காட்டட்டுமா

மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வாலுவுக்கு,

உன் பாட்டி எழுதுவது. உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது, முழங்கால் மட்டும் எதிர்த்துப் பேசுகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதை அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது. மற்ற சமாசாரமெல்லாம் அதற்குக் கீழே இருக்கட்டும்.

பட்டம் வாங்கினவளை இன்னும் வாலு என்று கூப்பிடுவது மரியாதை இல்லைதான். அதற்குத்தான் உறைமேல் உன் முழுப் பெயரையும் பின்னால் வருகிற பட்டத்தையும் ஓர் எழுத்து விடாமல் எழுதியிருக்கிறேன். தபால் நிலையத்துப் பெண் உறையைப் பார்த்துவிட்டு, எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே பாட்டி, எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க என்று கேட்டாள். அஞ்சாவதுதான் தாயே, ஆனா வகுப்புல நான்தான் முதல் என்றேன். பொய்யா சொன்னேன்?

போனில் பேசினால் என்ன என்று கேட்டிருந்தாய். காது மந்தமான பிறகு போன் எதற்கு? நீ கத்த, நான் கத்த, பக்கத்து வீட்டுக்காரர் சண்டை என்று நினைத்துக் கதவைத் தட்டினாரே, அது போதும். கடிதம் என்றால் வேண்டிய வரியை வேண்டிய தடவை படிக்கலாம்.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மூன்று மாடியும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பாள், அங்கேதான் முதல் இளைப்பாறல். உன் வேலையைப் பற்றி அவள் கேட்காத நாள் இல்லை. உங்க பேத்தி பேசியே மனுஷங்களைக் குணப்படுத்துறாளாமே, அப்படின்னா நீங்க பேசுற பேச்சுக்கு இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கும் தலைவலிகூட வரக் கூடாதே என்கிறாள். எனக்கும் வாய் சும்மா இருக்குமா? அவ பேசுறதில்லடி, கேக்குறா, அது உனக்கு வராது என்றேன். மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

ஆனாலும் அவளுக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். நீ முதலில் குழந்தைகள் நல அலுவலகத்தில் மூன்று வருடம் இருந்தது, வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியது, ஒரு நாள் ஒரு தாய், என் வீட்டைப் பத்தி எழுதுறீங்களே, என்ன எழுதுறீங்கன்னு எனக்குத் தெரியக் கூடாதா என்று கேட்டது, அன்றிலிருந்து நீ எழுதின ஒவ்வொரு வரியையும் யாரைப் பற்றி எழுதினாயோ அவர்களுக்கே படித்துக் காட்டி, இது சரியா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அடித்துவிட்டு மாற்றி எழுத ஆரம்பித்தது. மேலதிகாரி, நாப்பது ஃபைல் கிடக்குது, நீ பாடம் நடத்திட்டு இருக்கியா என்று கத்தினது. நீ வேலையை விட்டுவிட்டு மனநல ஆலோசனைக்கு மறுபடி படிக்கப் போனது. எல்லாம் சொன்னேன்.

இப்போது நீ ஆலோசனைக்கு வருகிறவர்களைப் பார்க்கிற அறையைப் பற்றியும் சொன்னேன். நான்கு நாற்காலி, வந்தவர் எதில் வேண்டுமானாலும் உட்காரலாம், நீ மட்டும் கதவை மறைத்து உட்காரவே மாட்டாய். பூட்டி வைக்கப்பட்டவர்களுக்குச் சாவிச் சத்தம் ஆகாது என்று சாவிக்கொத்தை மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுத்தான் ஆளை உள்ளே கூப்பிடுவாய். தொடுவதற்கு முன்னால் கேட்பாய். உனக்கு என்ன கோளாறு என்று கேட்காமல், உனக்கு என்ன நடந்தது என்று கேட்பாய். தையல்காரம்மா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டினாள். பிறகு, அளவு எடுக்குறப்ப நானும் இனிமே கேட்டுட்டுத் தொடுறேன் என்றாள். பார்த்தாயா, உன் படிப்பு எதுவரை வந்துவிட்டது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவை மனநல இல்லத்திலிருந்து வெளியே கொண்டுவர நீ மனுப் போட்டிருப்பதும், அதை விசாரிக்க ஏப்ரல் பதினாறாம் தேதி குழு கூடுவதும் தெரியும். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அவளை அழைத்துப் போனபோது வீட்டாரை யாரும் கேட்கவில்லை, சம்மதம் வாங்கவில்லை என்று நான் என் கையால் எழுதித் தர வேண்டும் என்கிறாய். சம்மதம் பற்றிய பக்கம் மட்டும் ஃபைலில் காணவில்லை என்றும், என் வாக்குமூலம்தான் மனுவுக்கு முதுகெலும்பு என்றும் எழுதியிருக்கிறாய்.

எழுதுகிறேன். முதலில் நல்ல தாளாக ஒன்று வாங்கி வருகிறேன். அவசரப்படுத்தாதே.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு போ. 

உன்
பாட்டி


மார்ச் 19, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள வாலுவுக்கு,

நீ மறுபடி எழுதின கடிதமும் வந்தது. கூடவே நீ தட்டச்சு செய்து அனுப்பின தாளும் வந்தது. கீழே கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். அந்தத் தாளை இத்துடன் வைக்கவில்லை. தேடாதே.

எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரமாக யோசித்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என்னைக் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டது நான்.

அப்போது நீ பத்து மாதக் குழந்தை. உன் அம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. கதவை யாராவது சாத்தினால் அலறுவாள். குளியலறைக் கதவைக்கூடச் சாத்த விடமாட்டாள். தூக்கமே கிடையாது. உன்னைத் தூக்கினால் எங்கே போட்டுவிடுவாளோ என்று கையை நீட்டியபடி கூடவே நிற்பேன். நான் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உன்னை அவளிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனால் கை விரிப்பில் இருக்கும், மனசு வீட்டில் இருக்கும். இரண்டு தடவை விரிப்பைக் கருக்கிவிட்டேன். மேற்பார்வைக்காரி, வீட்டுல என்னம்மா பிரச்சினை, இல்லத்துல பதினஞ்சு நாள் வச்சு மருந்து குடுப்பாங்க, சரியாகிடும் என்றாள். அழைத்துக்கொண்டு போனேன்.

அந்த இல்லத்து அலுவலகத்தை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். மரக் கவுன்ட்டர். பின்னால் ஒரு வயதான எழுத்தர், சட்டைப் பையில் மை கசிந்த கறை. படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அம்மா, படிச்சுக் காட்டட்டுமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு முன்னால் நின்ற மூன்று பெண்களும் கைநாட்டு வைத்துவிட்டுப் போனவர்கள். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. எனக்கே படிக்கத் தெரியும் என்றேன்.

தெரியும்தான். ஆனால் அந்த எழுத்து வேறு எழுத்து. ஒரு வாக்கியம் ஒரு பக்கம் ஓடியது. பின்னால் வரிசையில் ஒருவர் இருமினார். முதல் நான்கு வரியை இரண்டு தடவை படித்தேன், பிறகு படிக்கிற மாதிரி கண்ணை மட்டும் கீழே இறக்கிக்கொண்டே வந்தேன். தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்தும்மா என்றார் எழுத்தர். வெட்கமில்லாமல் அதற்குச் சந்தோஷப்பட்டேன்.

பதினைந்து நாளுக்கு என்று நினைத்துப் போட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாமல் போய்விட்டது.

உனக்கு ஆறு வயதில், எங்க அம்மா எங்கே என்று கேட்டாய். ஆபீஸ்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க, யாரும் நம்மளைக் கேக்கல என்றேன். ஒரு குழந்தைக்குச் சொல்கிற பதில்தானே என்று இருந்தேன். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பன்னிரண்டு வயதில், பெரியவளாகி அந்த ஆபீஸ்லயே போய் உக்காந்து எல்லாரையும் கேட்டுட்டுத்தான் எழுதுவேன் என்று சொன்னாய். நான் அதைச் சலவைக்கூடம் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். நீ அந்தப் படிப்பில் சேர்ந்தாய், அந்த வேலைக்குப் போனாய், எழுதினதைப் படித்துக் காட்ட ஆரம்பித்தாய். நீ எனக்கு அதை எழுதின அன்று, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் நின்றேன். படித்துக் காட்டட்டுமா என்று என்னைக் கேட்டவரும் ஒருவர் இருந்தார், வாலு. நான்தான் வேண்டாம் என்றேன்.

இதை வைத்து உன் மனு நிற்குமா நிற்காதா, எனக்குத் தெரியாது. நீ அனுப்பின தாளில் கையெழுத்துப் போட மட்டும் என்னால் முடியவில்லை. இந்தத் தடவை முழுக்கப் படித்தேன். அதில் இருந்தது பொய்.

கோபம் வந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
பாட்டி


மே 12, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வாலுவுக்கு,

உன் இரண்டு வரி வந்தது. பதினோராம் நாள் நீ அங்கே போனது உண்மையா பாட்டி, எனக்கு இப்போ யார் எதிரிலும் உட்கார முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். சாப்பிட்டாயா தூங்கினாயா என்பது அதில் இல்லை.

குழு கூடினபோது அங்கே இருந்த இல்லத்து நர்ஸ் நடந்ததைச் சொன்னாள். என் போன கடிதத்தில் இருந்ததை நீ எனக்குச் சாதகமாகவே திருப்பிக்கொண்டாயாம். அஞ்சாவது மட்டும் படிச்ச அம்மாவுக்குப் புரியாத தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்காங்க, அது எப்படிச் சம்மதமாகும் என்று நின்று பேசினாயாம். நல்லாப் பேசினா உங்க பேத்தி என்றாள். குழுவில் இருந்த இருவர் தலையைக்கூட ஆட்டினார்களாம். அப்புறம் காணாமல் போயிருந்த பக்கத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள். பின்புறம் இருந்த குறிப்பை உரக்கப் படித்திருக்கிறார்கள். பதினோராம் நாள் தாயார் வந்தார், துணிகள் கொடுத்தார், முப்பது நாளுக்குள் மறுப்பு எழுதித் தரலாம் என்று விளக்கப்பட்டது, தெரியும் என்றார். நீ அங்கே அத்தனை பேர் முன்னால் அதை முதல்முதலாகக் கேட்டுக்கொண்டு நின்றாய். குடும்பம் தெரிந்தே விட்டிருக்கிறது, இனி மூன்று வருடம் கழித்து மனுப் போடலாம் என்று முடித்துவிட்டார்கள்.

நான் உனக்குப் பாதி உண்மையைக் கொடுத்து அனுப்பினேன். முழுப் பொய்யாக இருந்திருந்தால்கூட நீ இவ்வளவு தூரம் போய் விழுந்திருக்கமாட்டாய்.

உண்மைதான், வாலு. போனேன்.

அன்று கையெழுத்துப் போட்டதும் கார்பன் நகல் ஒன்றை என்னிடம் கொடுத்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேஜையில் வைத்து, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தேன். புரியாத வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய், மறுபடி திரும்பி வந்து படித்தேன். மூன்று நாள் ஆயிற்று. முப்பது நாளுக்குள் மறுக்காவிட்டால் அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமையை வீட்டார் விட்டுக்கொடுத்ததாக ஆகும் என்று இருந்தது. அஞ்சாவது படிப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது. புரிந்தது.

பதினோராம் நாள் அவளுடைய துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண், மறுத்து எழுதிக் குடுக்கிறீங்களா, இன்னைக்கே கூட்டிட்டுப் போகலாம் என்று கேட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நடைக்கூடத்தில் உன் அம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அடுத்த வாரம் பாக்கலாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போகவில்லை. முப்பது நாளும் முடிகிறவரை போகவில்லை.

ஏன் என்று கேட்பாய். வீடு அமைதியாக இருந்தது. கதவைச் சாத்த முடிந்தது. நீ இரவு முழுக்கத் தூங்கினாய். அந்த வாரத்தில்தான் நீ முதல்முதலாக அம்மா என்றாய், என்னைப் பார்த்து. நான் திருத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற படிவத்தில் தாயார் பெயர் கேட்கிற வரைக்கும் திருத்தவில்லை. தாயில்லாப் பிள்ளையைத் தனியாளாக வளர்த்தேன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கினேன். தாய் இல்லாமல் செய்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இது எந்த ஃபைலிலும் இல்லை. நீ பிறப்பதற்கு முன்னால், உன் அம்மா ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் பாதி வேலையில், மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பு எங்கடி, வாங்கி ஒரு மாசம் ஆகல என்று திட்டினேன். கிடங்குல கதவைச் சாத்திட்டாங்க என்றாள். சாத்தினா திறந்துட்டு வர வேண்டியதுதானே என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நீ அந்த அறையில் கேட்கிறாயே, உனக்கு என்ன நடந்தது என்று. அந்த ஒரு கேள்வியை அன்று நான் கேட்டிருக்க வேண்டும். செருப்பைத்தான் கேட்டேன்.

போன வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறி இல்லத்துக்குப் போனேன். உன் முறைப்படியே எல்லாம் செய்தேன். நர்ஸிடம் சாவிக்கொத்தைக் கொஞ்சம் வெளியே வைங்கம்மா என்றேன். விதிப்படி இடுப்பில்தான் இருக்கணும் பாட்டி என்றாள், ஆனால் கையால் பொத்திக்கொண்டாள். கதவை மறைக்காமல் சுவரோரம் நின்றேன். நான் யார் என்று சொன்னேன். உட்காரலாமா என்று கேட்டேன். பதில் இல்லை, அதனால் நின்றேன். முழங்கால் கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன். உன் அம்மாவுக்கு ஐம்பது வயது ஆகிவிட்டது. முடி என்னைவிட வெளுத்திருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில், உன் கையைப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றாள்.

தெளிவாகச் சொன்னாள். இந்தக் காதுக்கே கேட்டது. நீட்டின கையை எடுத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருடத்தில் அவள் வேண்டாம் என்று சொல்லி, அது அப்படியே நடந்தது இந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிறவரை நின்றுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் வரட்டுமா என்று கேட்டேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அதனால் போகமாட்டேன், அவளாகக் கூப்பிட்டால் தவிர. கூப்பிடமாட்டாள்.

மூன்று வருடம் என்கிறார்கள். எனக்கு எழுபத்தாறு. கணக்கு எனக்கும் வரும்.

மன்னிப்பு என்ற வார்த்தையை இந்தக் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை, கவனித்திருப்பாய். உன்னிடம் கேட்க வேண்டியது அது இல்லை. நான் கேட்பது வேறு. நான் எழுதின மூன்று கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு நாள் உன் அம்மாவிடம் போ. கதவைத் திறந்து வை. நீ மற்றவர்களுக்குச் செய்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டு. படித்துக் காட்டட்டுமா என்று முதலில் கேள். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடு. கேட்கிறேன் என்று தலையை ஆட்டினால், வரிக்கு வரி இது சரியா என்று கேள். இல்லை என்று சொல்கிற வரியை அடித்துவிடு. எதையும் எனக்காக விட்டுவைக்காதே. அம்மா என்று வருகிற இடமெல்லாம் அடிக்கச் சொன்னாலும் அடித்துவிடு. மிச்சம் நிற்பது எதுவோ, அதுதான் ஃபைலில் இருக்க வேண்டியது.

அதற்கு உனக்கு அந்த நாற்காலியில் மறுபடி உட்கார வர வேண்டும். நான் சொன்ன பொய்யிலிருந்துதான் நீ அந்த வேலைக்குப் போனாய், அது உண்மை. ஆனால் நாற்காலியைக் கதவை மறைக்காமல் தள்ளிப்போட வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லவில்லை. அதை நீயே கண்டுபிடித்தாய். என்னிடமிருந்து வந்ததையெல்லாம் தூக்கிப் போட்டாலும், அது உன்னிடம் மிஞ்சும்.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி யாரும் எதுவும் எழுதாதிருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், விரலை வைத்து, அவசரமில்லாமல் படித்துவிட்டேன். புரிந்தது. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மாவைப் பெற்றவள்